ஆங்கில இறந்தகால வினைகளைச் சிறுவர்க்குக் கற்பித்த வரலாறு

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவர் தடுமாறும் இடங்களுள் இறந்தகால வினை வடிவம் முதன்மையானது. "வாக்" என்பது "வாக்ட்" ஆகிறது. "ஓபன்" என்பது "ஓபன்ட்" ஆகிறது. ஆனால் "கோ" என்பது "வென்ட்" ஆகிறது, "பிரிங்" என்பது "பிராட்" ஆகிறது. முன்னவை விதிக்கு உட்பட்டவை. பின்னவை விதிக்கு அடங்காதவை. அடங்காதவற்றைக் "கோ, வென்ட், கான்" என்று மூன்று மூன்றாக அடுக்கி மனப்பாடம் செய்விப்பது தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது, குழந்தையின் மனம் மொழியைக் கற்கும் விதத்தோடு அது எந்த அளவு பொருந்துகிறது, குழந்தை செய்யும் பிழை எதைக் காட்டுகிறது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வடிவங்களின் தோற்றம்

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் இறந்தகாலத்தை உணர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சொல்லின் நடுவிலுள்ள உயிரொலியை மாற்றுவது. "சிங்" (பாடு) என்பது "சாங்" என்று ஆவது இவ்வகை. மற்றொன்று, சொல்லின் இறுதியில் "ட்" அல்லது அதனோடு நெருங்கிய ஒலியைச் சேர்ப்பது. "வாக்" என்பது "வாக்ட்" ஆவது இவ்வகை. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோபு கிரிம் முதல் வகைக்கு "வலிய வினை" என்றும் இரண்டாம் வகைக்கு "மெலிய வினை" என்றும் பெயரிட்டார். தம் தம்பியுடன் சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவரும் இவரே.

பழைய ஆங்கிலத்தில் வலிய வினைகள் ஏழு வகுப்புகளாக அமைந்திருந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் உயிர்மாற்ற ஒழுங்கு ஒன்று இருந்தது. எனவே இன்று "விதிக்கு அடங்காதவை" என்று சொல்லப்படும் வினைகளிற் பல ஒரு காலத்தில் விதிக்கு உட்பட்டே இருந்தன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் பெருகி நுழைந்தன. அவை அனேகமாக எல்லாம் இறுதியில் "எட்" சேர்க்கும் எளிய வழியையே மேற்கொண்டன. காலப்போக்கில் பழைய ஒழுங்குகள் சிதைந்தன. "எட்" பொதுவிதி ஆயிற்று. இன்று புதிதாகத் தோன்றும் "கூகுள்" போன்ற வினைகூட இறந்தகாலத்தில் "கூகுள்ட்" என்றே ஆகிறது.

பழைய வலிய வினைகளிற் பலவும் மெல்ல இந்தப் பொதுவிதிக்குள் வந்தன. "ஹெல்ப்" (உதவு) என்பதன் இறந்தகாலம் முன்பு "ஹோல்ப்" என்று இருந்தது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியத்தில் அதன் எச்ச வடிவமான "ஹோல்பன்" காணப்படுகிறது. இன்று "ஹெல்ப்ட்" என்பதே வழக்கு. எதிர்த்திசையில் சென்ற சொற்களும் உண்டு. "டிக்" (தோண்டு) என்பதற்கு அதே விவிலியம் "எட்" சேர்ந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறது. இன்று "டக்" என்பதே சரியான வடிவம்.

"வென்ட்" என்பதன் கதை தனித்தன்மை உடையது. அது முதலில் "கோ" என்பதன் இறந்தகாலமே அன்று. "வெண்டு" என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் அது. "செண்டு" (அனுப்பு) "சென்ட்" ஆவதும் "ஸ்பெண்டு" (செலவிடு) "ஸ்பென்ட்" ஆவதும் போல "வெண்டு" என்பது "வென்ட்" ஆயிற்று. "கோ" என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த இறந்தகால வடிவம் வழக்கொழிந்தபோது அந்த வெற்றிடத்தை "வென்ட்" நிரப்பியது. ஆகவே "கோ", "வென்ட்" இரண்டுக்கும் இடையே ஒலியொற்றுமை தேடும் குழந்தை அதைக் காணாமல் திகைப்பதில் வியப்பில்லை. அவை பிறப்பால் வெவ்வேறு சொற்கள்.

இலத்தீன் இலக்கணத்தின் அச்சு

16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் "இலக்கணப் பள்ளி" என்றால் இலத்தீன் இலக்கணம் கற்பிக்கும் பள்ளி என்றே பொருள். ஆங்கிலச் சிறுவர் தம் தாய்மொழிக்கு இலக்கணம் படித்ததில்லை. வில்லியம் புல்லோகர் 1586-இல் வெளியிட்ட சிறு நூலே ஆங்கிலத்துக்கென அச்சான முதல் இலக்கணம். இலத்தீனுக்கு இருப்பதுபோல் ஆங்கிலத்துக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆயினும் வில்லியம் லில்லியின் இலத்தீன் இலக்கண நூலையே அவர் அச்சாகக் கொண்டார்.

இலத்தீன் வினைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் முதன்மை வடிவங்களை மனப்பாடம் செய்வது அக்கால முறை. அந்த முறையே ஆங்கிலத்துக்கும் வந்தது. நாடக ஆசிரியர் பென் ஜான்சன் எழுதிய ஆங்கில இலக்கணம் அவர் மறைவுக்குப் பின் 1640-இல் வெளிவந்தது. "எட்" சேரும் வகுப்பை, வெளியூரிலிருந்து வரும் சொற்களுக்கெல்லாம் இடம் கொடுக்கும் பொதுச் சத்திரத்துக்கு அவர் ஒப்பிட்டார். மற்ற வகுப்பில் ஏறத்தாழ 120 சொற்களே உள்ளன என்றும், அவை யாவும் உள்ளூரிலேயே பிறந்தவை என்றும் குறித்தார். பொதுவிதி, விலக்கு என்ற வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக அவர் கண்டது குறிப்பிடத்தக்கது.

கணித அறிஞரான ஜான் வாலிஸ் 1653-இல் ஆங்கில இலக்கணம் ஒன்றை இலத்தீன் மொழியில் எழுதினார். வினைச்சொல்லின் வடிவத்தால் உணர்த்தப்படுபவை நிகழ்காலம், இறந்தகாலம் என்ற இரண்டு காலங்களே என்று அவர் கூறினார். இலத்தீன் அச்சிலிருந்து விலகி ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே நோக்கிய முயற்சி அது. ஆயினும் பள்ளிக்கூடங்கள் அவர் வழியைப் பின்பற்றவில்லை.

அட்டவணை பள்ளிக்குள் வந்த வரலாறு

18-ஆம் நூற்றாண்டில் வணிகத்தால் வளம்பெற்ற குடும்பங்கள் தம் பிள்ளைகள் "சரியான" ஆங்கிலம் பேசவும் எழுதவும் வேண்டும் என்று விரும்பின. அவர்களுக்கென இலக்கண நூல்கள் பல வெளிவந்தன. அவற்றுள் ராபர்ட் லோத் 1762-இல் வெளியிட்ட நூல் செல்வாக்கு மிக்கது. இறந்தகால வடிவத்தையும் எச்ச வடிவத்தையும் மாற்றிப் பயன்படுத்துவதை லோத் கடுமையாகக் கண்டித்தார். "ஹேவ் ரிட்டன்" என்று எழுத வேண்டிய இடத்தில் "ஹேவ் ரோட்" என்று எழுதுவது அக்காலத்தில் பரவலாக இருந்தது. மில்டன் போன்ற பெருங்கவிஞர்களின் எழுத்திலிருந்தே இத்தகைய பிழைகளை லோத் எடுத்துக்காட்டினார். பேரறிஞர்களே இரண்டு வடிவங்களையும் கலந்து எழுதிய மொழியில், ஒன்று சரி, மற்றது பிழை என்ற கோடு இவ்வாறு வரையப்பட்டது.

அந்தக் கோட்டை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர் லிண்ட்லி மரே. அமெரிக்காவில் பிறந்து வழக்கறிஞராக இருந்த இவர், பின்னர் இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறினார். அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றின் தேவைக்காக இவர் எழுதிய ஆங்கில இலக்கணம் 1795-இல் வெளிவந்தது. விதிக்கு அடங்காத வினைகளை அகர வரிசையில் அடுக்கி, நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம் என மூன்று நிரல்களில் அவர் கொடுத்தார். இந்நூல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எண்ணற்ற பதிப்புகள் கண்டது. இன்றும் பாடநூல்களின் பின்பக்கத்தில் காணப்படும் மூன்று நிரல் அட்டவணை இம்மரபில் வந்ததே.

அகர வரிசை தேடுவதற்கு எளிது. ஆனால் கற்பதற்கு எளிதன்று. "சிங்–சாங்–சங்", "ரிங்–ராங்–ரங்", "டிரிங்க்–டிராங்க்–டிரங்க்" என்று ஒலியால் ஒன்றுபட்டவை அகர வரிசையில் வெவ்வேறு பக்கங்களுக்குப் போய்விடுகின்றன. பழைய வகுப்புகளின் எச்சமாக இருந்த ஒழுங்கும் இதனால் மாணவர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

இந்தியாவிலும் சென்னை மாகாணத்திலும்

1835-இல் மெக்காலேயின் குறிப்பைத் தொடர்ந்து ஆங்கிலக் கல்விக்கு அரசின் ஆதரவு உறுதியானது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆங்கிலம் தேர்வுக்குரிய பாடமாகவும் அரசு வேலைக்குரிய தகுதியாகவும் ஆனபோது இலக்கணம் மதிப்பெண்ணுக்கு உரியதாயிற்று. வினை வடிவங்களை எழுதச் சொல்வதும், ஒரு காலத்து வாக்கியத்தை இன்னொரு காலத்துக்கு மாற்றச் சொல்வதும் வினாத்தாளுக்கு ஏற்றவை, திருத்துவதற்கும் எளியவை. 1930களில் பி. சி. ரென், எச். மார்ட்டின் ஆகியோர் எழுதிய உயர்நிலைப் பள்ளி இலக்கண நூல் இம்மரபின் உச்சம். "ரென் அண்டு மார்ட்டின்" என்றே பெயர்பெற்ற அந்நூலில் கிரிம் வகுத்த வலிய வினை, மெலிய வினைப் பட்டியல்கள் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் பல தலைமுறை ஆசிரியர்களுக்கு அது துணைநூலாக விளங்கியது.

இதற்கு மாற்றான சிந்தனையும் இந்திய மண்ணிலேயே எழுந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்க்கு முதலில் வேண்டியது படித்துப் புரிந்துகொள்ளும் திறனே என்று வாதிட்டார். அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டு எளிய வாசிப்பு நூல்களை அவர் உருவாக்கினார். அத்தகைய கதைகளில் "வென்ட்", "சா", "கேம்" ஆகியவை பக்கத்துக்குப் பக்கம் வரும். அவற்றைப் பொருளோடு பலமுறை சந்திக்கும் குழந்தைக்கு அவை பழகிவிடுகின்றன.

விடுதலைக்குப் பின் 1950களில் சென்னை மாநிலம் அமைப்பு முறைப் பாடத்திட்டத்தை ஏற்றது. இம்முறையில் வாக்கிய அமைப்புகள் எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக அடுக்கப்பட்டன. ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே அச்செயலை நிகழ்காலத்தில் சொல்வார். நடந்து முடித்தபின் இறந்தகாலத்தில் சொல்வார். மாணவரும் செய்துகாட்டிச் சொல்வர். வடிவம் அட்டவணையிலிருந்து விடுபட்டுச் செயலோடு சேர்ந்தது.

இம்முறையை மாநிலமெங்கும் கொண்டுசெல்ல ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் நோக்குடன் 1950களின் இறுதியில் ஒரு பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் சிலர் பயிற்சி பெற்று, அவர்கள் மற்றவர்க்குப் பயிற்சி அளிப்பர் என்பதால் உருண்டு பெருகும் பனிப்பந்துக்கு ஒப்பிட்டு அதற்கு "சென்னைப் பனிப்பந்து" என்ற பெயர் வழங்கியது. ஆங்கிலக் கற்பித்தல் வரலாற்றில் இன்றும் பேசப்படும் முயற்சி அது. ஆயினும் செயலை விட்டு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்த வகுப்புகளில், அட்டவணை மனப்பாடத்தின் இடத்தை வாக்கிய மனப்பாடம் பிடித்துக்கொள்ளும் ஆபத்து இம்முறையிலும் இருந்தது.

1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் வேறொரு வழியைச் சோதித்தார். மாணவர்க்கு இலக்கணம் நேரடியாகக் கற்பிக்கப்படவில்லை. நிலப்படத்தில் வழி கண்டுபிடிப்பது, கால அட்டவணையைப் படித்துக் கணக்கிடுவது போன்ற பணிகள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே இலக்கணம் உள்ளே அமைகிறது என்பது அவர் கருத்து.

குழந்தை காட்டிய உண்மை

குழந்தையின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1958-இல் வெளிவந்தது. அதைச் செய்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்கோ. ஆங்கிலத்தில் இல்லாத சொற்களை அவர் புதிதாக உருவாக்கினார். ஒரு மனிதன் ஏதோ விந்தையான செயலைச் செய்யும் படத்தைக் காட்டி, "இவனுக்கு ரிக் செய்யத் தெரியும், நேற்றும் அதையே செய்தான், நேற்று என்ன செய்தான்?" என்ற வகையில் 4 முதல் 7 வயது வரையான சிறுவரிடம் கேட்டார். பெரும்பாலான சிறுவர் "ரிக்ட்" என்றனர். அந்தச் சொல்லை அவர்கள் அதற்குமுன் கேட்டிருக்க முடியாது. எனவே அவர்கள் யாரையும் பார்த்துப் படியெடுக்கவில்லை, விதியை உள்வாங்கியிருந்தனர்.

"கிளிங்" என்ற புனைசொல்லுக்குச் சிறுவரிற் பெரும்பாலோர் "எட்" சேர்த்தனர். பெரியவர்களிற் பலரோ "சிங்–சாங்" போல "கிளாங்" என்றனர். "மாட்" என்ற புனைசொல் சிறுவர்க்குக் கடினமாக இருந்தது. அது ஏற்கெனவே "ட்" ஒலியில் முடிவதால் இறந்தகால ஒலி அதில் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "மெல்ட்" என்பதற்கு "மெல்டெட்" என்று சொல்லத் தெரிந்த சிறுவரும் இங்கே தயங்கினர்.

பின்வந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையைக் காட்டின. ஆங்கிலம் தாய்மொழியான குழந்தை முதலில் "வென்ட்", "கேம்" என்று சரியாகவே சொல்கிறது. சில மாதங்கள் கழித்து "கோ-எட்", "கம்-எட்" என்று சொல்லத் தொடங்குகிறது. பின்னர் மீண்டும் சரியான வடிவத்துக்கு வருகிறது. நடுவில் பின்னடைவு போல் தோன்றுவது உண்மையில் முன்னேற்றமே. முதலில் தனித்தனிச் சொற்களைக் கேட்டபடி சொன்ன குழந்தை, இப்போது "எட்" என்ற பொதுவிதியைக் கண்டுபிடித்துவிட்டது. விலக்குகள் நினைவில் உறுதிப்படும்வரை அவ்விதி சில இடங்களில் எல்லை தாண்டுகிறது. 1992-இல் கேரி மார்க்கஸும் உடன் ஆய்வாளர்களும் 83 குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளை ஆராய்ந்தனர். விதிக்கு அடங்காத வினைகளின் இறந்தகாலத்தில் இவ்வகைப் பிழை நூற்றுக்கு இரண்டரை அளவிலேயே இருந்தது.

இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்போரையும் ஆய்வாளர் நோக்கினர். ஹைடி டுலே, மெரினா பர்ட் ஆகியோர் 1974-இல், ஸ்பானியம், சீனம் பேசும் சிறுவர் ஆங்கில இலக்கண உருபுகளை ஏறத்தாழ ஒரே வரிசையில் கைக்கொள்வதைக் காட்டினர். நிகழ்காலத் தொடர்வினையின் "இங்" முன்னதாகவும் இறந்தகால வடிவங்கள் பின்னதாகவும் வருகின்றன. இறந்தகாலம் தாமதமாக வருவதைச் சோம்பலாகவோ மந்தமாகவோ கருத வேண்டியதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

குழந்தையின் பிழையும் மொழியின் போக்கும்

எரெஸ் லீபர்மன் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காதிருந்த 177 வினைகளைத் தொடர்ந்து நோக்கியது. அவற்றுள் இடைக்கால ஆங்கிலத்தில் 145-உம் இன்றைய ஆங்கிலத்தில் 98-உம் மட்டுமே அவ்வாறு எஞ்சின. மற்றவை "எட்" ஏற்றுக்கொண்டன. குறைவாகப் பயன்படும் சொற்களே விரைவில் மாறின என்பதையும் அவ்வாய்வு காட்டியது. "பீ", "ஹேவ்", "டூ", "சே", "கோ" போன்று நாள்தோறும் நூறுமுறை வாயில் வரும் சொற்கள் மாறாமல் நின்றன. நினைவில் உறுதியாக நிற்கும் அளவுக்கு அவை அடிக்கடி கேட்கப்படுவதே காரணம்.

"கோ-எட்" என்று சொல்லும் குழந்தை செய்வதும், "ஹோல்ப்" என்பதை விட்டு "ஹெல்ப்ட்" என்று சொல்லத் தொடங்கிய முற்கால ஆங்கிலேயர் செய்ததும் ஒரே வேலை. முன்னதைப் பிழை என்கிறோம். பின்னதை இலக்கணம் என்கிறோம். பிழையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அது அறியாமையால் வந்ததன்று, அறிவால் வந்தது என்பதை ஆசிரியர் உணர்ந்தால் திருத்தும் முறை மாறும்.

தமிழ்ச் சிறுவர்க்கு உரிய இடர்களும் துணைகளும்

முதல் இடர் ஒலிப்பு. எழுத்தில் "எட்" என்று ஒன்றாகத் தோன்றினாலும் அது மூன்று விதமாக ஒலிக்கும். குரல் அதிராத ஒலிகளின் பின் "வாக்ட்" என்பதிலுள்ளது போல வல்லொலியாகும். குரல் அதிரும் ஒலிகளின் பின் "ஓபன்ட்" என்பதிலுள்ளது போல மென்மையாகும். "வான்ட்" போன்று "ட்" ஒலியில் முடிந்தால் "வான்டிட்" என உயிரொலி சேரும். தமிழில் இவ்வல்லொலியையும் மெல்லொலியையும் ஒரே எழுத்தால் எழுதுவதாலும், சொல்லிறுதியில் மெய்கள் இவ்வாறு அடுக்கி வராததாலும், தமிழ்ச் சிறுவர் "வாக்கெட்" என்று உயிர் சேர்த்துச் சொல்வர். ஆங்கிலேயரிடையேயும் இது ஒருகாலத்தில் சர்ச்சையாக இருந்தது. அந்த உயிரொலியை விழுங்கிச் சொல்வதை எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல் குறைகூறினார்.

இரண்டாம் இடர் எதிர்மறை. "டிட் நாட் வென்ட்" என்பது வகுப்பறையில் அடிக்கடி கேட்கும் பிழை. இதற்குத் தமிழே துணைசெய்யும். "போகவில்லை" என்பதில் "போக" என்ற சொல் காலம் காட்டுவதில்லை; "நேற்றுப் போகவில்லை", "இன்று போகவில்லை" இரண்டிலும் அது மாறாது. அதுபோல ஆங்கிலத்திலும் "டிட்" காலத்தை ஏற்றுக்கொண்டபின் "கோ" மாறாமல் நிற்கும்.

மூன்றாவது ஓர் எளிமை. தமிழில் "போனான், போனாள், போனது, போனார்கள்" என்று பால், எண், இடம் காட்டும் விகுதிகள் மாறும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் "வென்ட்" ஒன்றே.

தமிழ் இலக்கண அறிவும் பயன்படும். இறந்தகால இடைநிலைகளாக த், ட், ற், இன் ஆகியவற்றை நன்னூல் கூறுகிறது. செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் என்பவற்றில் அவற்றைக் காணலாம். "வா" என்பது "வந்தான்" ஆவதையும் "சா" என்பது "செத்தான்" ஆவதையும் தமிழ்க் குழந்தை எந்த அட்டவணையும் பார்க்காமல், கேட்டும் பேசியும் கற்றுக்கொண்டது. விலக்குகளைக் கற்கும் ஆற்றல் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

வரலாறு காட்டும் வழி

இவற்றிலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன. அடிக்கடி வரும் இருபது, முப்பது வினைகளை முதலில் கதைகளிலும் அன்றாடப் பேச்சிலும் பலமுறை கேட்கச் செய்யலாம். "நேற்று என்ன செய்தாய்?" என்று நாள்தோறும் கேட்பதே நல்ல பயிற்சி. பட்டியல் தேவைப்படும்போது அகர வரிசையை விட்டு ஒலியால் ஒன்றுபட்டவற்றைச் சேர்த்துத் தரலாம். "கோ-எட்" என்று சொல்லும் மாணவரிடம், "ஆமாம், நீ கடைக்கு வென்ட், அங்கே என்ன வாங்கினாய்?" என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிச் சொல்லலாம்.

அட்டவணையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஐயம் தீர்க்கும் கருவியாக அது பயன்படும். கற்பித்தலின் தொடக்கமாக அதை வைப்பதில்தான் சிக்கல். இலத்தீன் கற்பிக்க அமைந்த முறை, புல்லோகர் முதல் மரே வரை பலர் கைவழியே ஆங்கிலத்துக்கு வந்து, தேர்வின் தேவையால் இந்திய வகுப்பறையில் நிலைத்தது. அதை ஒப்பிக்க முடியாமல் பெஞ்சின்மேல் நின்ற குழந்தைகள் பலர் ஆங்கிலம் தமக்கு வராது என்று முடிவுகட்டிக்கொண்டனர். அவர்களிற் பலர் செய்த பிழை, விதியைக் கண்டுபிடித்துவிட்ட மனத்தின் பிழையே ஆகும்.